எங்கள் வாசலில் மட்டும் திணறிய வண்டி

எங்கள் நைனா ஓட்டிய பிக்கப் வண்டிக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. உத்தரமேரூரில் நன்றாக ஓடும். காஞ்சிபுரத்தில் நன்றாக ஓடும். நடுவழியில் காவாந்தண்டலத்தில், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் மட்டும் அதற்கு மூச்சு முட்டும். திக்கித் திக்கித் திணறும், மட்கார்டெல்லாம் குலுங்கும், கடைசியில் ஒரு தும்மல் போட்டுவிட்டு அணைந்துபோகும்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயதிருக்கலாம். நைனா காஞ்சிபுரத்தில் ஓர் அரிசி மில்லில் டிரைவராக இருந்தார். மில் முதலாளி எப்போதோ ஏலத்தில் எடுத்த பழைய சீமை வண்டி அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டியில் நெல் மூட்டை ஏற்றலாம். நைனாவுக்குப் படுக்கை மில் கொட்டகையில், அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே. பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க அங்கே இடம் கிடையாது. அதனால் அம்மாவும் நானும் ஊரிலேயே இருந்தோம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வருவாள். நைனா வீட்டில் தங்குவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அதுவும் பொங்கல் அறுவடைக் காலமாதலால், பாதிப் பொங்கலிலேயே ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும்.

உத்தரமேரூர்ப் பக்கம் நெல் ஏற்றப் போகிற நாட்களில், திரும்பும் வழியில் வாசலில் நிறுத்துவார். என்ஜினை அணைக்காமல்தான் நிறுத்துவார். அந்த வண்டிக்குச் செல்ஃப் என்றோ செத்துப்போயிருந்தது. முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகி, சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சூடாக இருக்கையில் அணைந்துவிட்டால், ஆறுகிற வரைக்கும் பீமனே வந்து சுற்றினாலும் எழாது. ஆகவே வழியில் எங்கும் அணைக்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு. வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். நைனா பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு சொம்புக் கூழைக் குடித்து, என் கன்னத்தை ஒரு கிள்ளுக் கிள்ளுவார். அதற்குள் அம்மா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுவாள். வண்டிக்குத் தண்ணீர் காட்டுவது அவள் வேலை. ஊற்றி முடித்தால் நைனா போய்விடுவார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட வார்த்தைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

வியாதி வந்தது ஒரு கோடையில். நைனா கூழ்ச் சொம்பைக் கையில் வாங்கியிருப்பார், அங்கே வண்டி இரும ஆரம்பிக்கும். ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் நின்றுவிடும். நின்றது நின்றதுதான், வெயில் தாழ்ந்து என்ஜின் ஆறினால்தான் பயணம்.

எனக்கோ கொண்டாட்டம். நைனா சட்டையைக் கழற்றிவிட்டு வேப்ப நிழலில் கோணியை விரிப்பார். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கரியை உப்புத் தாளால் தேய்ப்பார். கார்பரேட்டரைத் திறந்து, அதன் சின்னத் துளையில் வாயை வைத்து ஊதுவார். அம்மா அவர் எதிரில் சம்மணமிட்டு, முந்தானையை மடியில் விரித்து, கழற்றிய நட்டையும் வாஷரையும் அதில் வாங்கி வைத்துக்கொள்வாள். கேட்ட உருப்படியை எடுத்துக் கொடுப்பாள். கொடுக்கிறபோதெல்லாம் ஏதாவது பேசுவாள். மாமன் வீட்டுக் கன்றுக்குட்டி, ஏரியில் தண்ணீர் வற்றியது, எனக்கு ஆடுகிற பல் என்று ஒன்றும் பாக்கியிருக்காது. நைனா பிளக்கைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பார். அம்மா அப்படிச் சிரித்துப் பேசியதை நான் வேறெப்போதும் கண்டதில்லை. எத்தனையோ வசதிகளை அனுபவித்தாயிற்று. இன்றைக்கும் எதை வேண்டுகிறாய் என்று யாராவது கேட்டால், பெட்ரோல் வாடை வீசிய அந்தப் பொழுதைத்தான் கேட்பேன்.

வெயில் இறங்கியதும் அம்மா போய் இன்னொரு குடம் ஊற்றுவாள். நைனா ஹேண்டிலைச் சுற்றுவார். வண்டி ஒன்றுமே நடவாதது போல எழுந்து, சீராக உறுமிக்கொண்டு போய்விடும்.

ஊருக்கே வைத்தியம் தெரிந்திருந்தது. பெரியப்பா ஒரு காலத்தில் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கிழித்த அனுபவத்தை வைத்துக்கொண்டு என்ஜினைப் பற்றிப் பேசுவார். கண்ணை மூடி மட்கார்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பெட்ரோல்ல மண்ணெண்ணெ கலக்கறாண்டா. அதான் இப்படி இருமிக்கினு கீது" என்று தீர்ப்பு சொன்னார்.

"பெட்ரோலு ஒன்னுதாண்ணா. அங்கெல்லாம் நல்லா ஓடுது, நம்ம வூட்டாண்ட வந்தாத்தான் பேஜார் பண்ணுது" என்றார் நைனா.

வீட்டாண்ட என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அத்தை கண்ணேறு என்று முடிவுகட்டி, முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டாள். வண்டி அதற்கும் மசியவில்லை. காஞ்சிபுரம் வொர்க்‌ஷாப்பில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஸ்லோவில் வைத்தாலும் குலுக்கல் இல்லை, தும்மல் இல்லை. வண்டியில் ஒரு குறையும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வண்டியில் குறையில்லை என்றால் டிரைவரிடம்தானே இருக்க வேண்டும்? முதலாளி அப்படித்தான் கணக்குப் போட்டார்.

குறை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை நைனா அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் பேய் மழை. திடீரென்று கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் நின்றுபோயிற்று. பாதை தெரியாமல் வண்டியை ஓரம் கட்டினால், என்ஜின் திணறி அணையப் பார்த்தது. நைனா பானெட்டைத் தூக்கினார். என்ஜின் நனையாமலிருக்க அம்மா தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ஜினிலிருந்து வைப்பருக்குப் போகும் ஒரு ரப்பர் குழாய் கழன்று கிடந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் என்ஜின் இழுக்கிற காற்றில்தான் வைப்பர் ஆடும். "இத்த பாருமே, இது கழண்டுகினா கண்ட காத்து உள்ள பூந்துடும். ஓட்டத்துல தெரியாது. நின்னாதான் திணறும்" என்று சொல்லி, குழாயை மாட்டிக் காட்டினார் நைனா. பிறகு அவளையும் ஒரு தரம் மாட்டச் சொன்னார். சொட்டச் சொட்ட நனைந்தபடி, அவர்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

கோடையில் யாருக்கு வைப்பர் வேண்டும்? ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டு, குடத்தை இடுப்பில் இடுக்கியபடியே அம்மா அந்தக் குழாய் இருந்த இடத்தில் கை விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றுவதில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் இரண்டாம் குடம் ஊற்றும்போது கை மறுபடியும் அதே இடத்துக்குப் போகும். அப்புறம் விரல் நுனியில் ஒட்டிய கறுப்பைச் சாம்பல் தொட்டுத் தேய்ப்பாள்.

என் கணவர் பின்னாளில் வாடகைக்கு ஒரு பழைய கார் ஓட்டினார். அதில் ஒருமுறை அதே குழாய் கழன்றபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அது கழன்றால் 'உஸ்'ஸென்று காற்றை இழுக்கும். பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்கும். இரவும் பகலும் அந்த வண்டியோடேயே கிடந்த எங்கள் நைனாவுக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்? கேட்டுக்கொண்டேதான் அவர் பிளக்கைத் தேய்த்திருக்கிறார். சுத்தமாக இருந்த பிளக்கை.

ஒருநாள், பிளக் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "அடுத்த நடைக்கு மொதலாளி மச்சான் கூட வராரு. இங்க வண்டி நின்னுச்சின்னா வேற டிரைவர் வெச்சிக்கிறாராம்."

அம்மா மடியில் இருந்த வாஷர்களைப் பார்த்தாள். "வராரா?" என்றாள். நைனா தலையாட்டினார். அம்மா ஒரு வாஷரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வேலை போனால் நைனா வீட்டுக்கே வந்துவிடுவாரே என்று எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் வேலை போன பெரியப்பா வீட்டில் அடுப்பு எரியாத நாட்களை நான் பார்த்திருந்தேன். அந்த ஆசை பயமாகிவிட்டது.

அந்த நடையும் வந்தது. முதலாளியின் மச்சான் சலவைச் சட்டையோடு கேபினில் உட்கார்ந்திருந்தார், கைக்கடிகாரத்தை வேறு பார்த்துக்கொண்டார். நைனா வழக்கம்போல என்ஜினை ஓடவிட்டு இறங்கி, பானெட்டைத் தூக்கினார். அம்மா குடத்தோடு வந்தாள். நான் அத்தை கட்டிய எலுமிச்சம்பழத்தை வேண்டிக்கொண்டேன்.

அம்மா தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விலகி நின்றுவிட்டாள். வண்டி திணறவில்லை. இருமவில்லை. ஊறப்போட்ட உளுந்தை ஆட்டுகிற கல் மாதிரி, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தானே ஓடுது? இத்தினி நாளா இன்னாத்துக்குய்யா பேஜாரு?" என்றார் மச்சான், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து.

நைனா கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ஜின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துமே" என்றார்.

"போதும்" என்றாள் அம்மா.

"பாத்து ஊத்து. கொஞ்சந்தான்."

"ரொம்பிடுச்சி" என்றாள் அம்மா. குடத்தில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நான் பம்பர் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். ரேடியேட்டர் கழுத்து வரைக்கும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலம் வண்டி ஓட்டுகிற மனிதருக்கு இதுகூடவா தெரியாது என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேலையும் பிழைத்தது, வண்டியும் குணமாயிற்று என்ற சந்தோஷம் வேறு.

"வழியுது நைனா! எங்க ஊத்துறது?" என்று கத்திச் சிரித்தேன்.

நைனா சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல நாளில் இவர்களுக்கு என்ன வந்தது என்று, நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.