கும்மிடிப்பூண்டியில் என் முகமூடியும் ரவியின் சிவப்பு மூக்குகளும்

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை ஆட்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறார்கள். போன பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு அவர்களுக்கு முகமூடி நடிப்பு சொல்லிக்கொடுக்கப் போனேன். கோமாளி நடிப்புக்கு ரவி. ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சி எடுத்தவன். மே மாதம் அவர்கள் போடும் நாடகத்தை எங்கள் இருவரில் ஒருவர் இயக்க வேண்டும், யார் என்று ஞாயிறு மாலை சொல்வார்கள் என்று ஏற்பாடு. மூன்று வருடமாக நான் எதையும் இயக்கவில்லை. அந்த நாடகம் எனக்கு வேண்டும் என்று துடித்தேன்.

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் காலை 6.35-க்கு வண்டி. கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர், பதினைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். வலது பக்கம் உட்காருங்கள், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ரவி பெட்டி முழுக்க எல்லோரோடும் பேசிக்கொண்டு வந்தான்.

நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ரவியின் பையில் சிவப்பு மூக்குகளைப் பார்த்த ஓட்டுநர், "இன்னா சார், மூக்கு விக்கப் போறீங்களா?" என்றார். ரவி ஒன்றை எடுத்து அவருக்கே மாட்டிவிட்டான். இறங்கும்போது அவனிடம், "நீ போ நைனா" என்று காசு வாங்கவில்லை. என்னிடம் வாங்கிக்கொண்டார். சின்ன விஷயம்தான். ஆனாலும் சுருக்கென்றது.

பயிற்சி, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகமூடிக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். பார்ப்பவர்களுக்கு முதுகு காட்டித் தனியாகக் கயிறு கட்டி மாட்ட வேண்டும், ஒரு மூச்சு விட்டுத் திரும்ப வேண்டும், பேசக் கூடாது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜோடி ஜோடியாக நின்று ஒருவர் முடிச்சை ஒருவர் இழுத்துப் பார்த்து, தோளில் தட்டி, கட்டைவிரலைத் தூக்கி, "ஓகே!" என்று கத்தினார்கள். மூன்று முறை நிறுத்தினேன். நான்காவது முறையும் "ஓகே!"

"இது ஹெல்மெட் இல்லம்மா" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

ஆரம்பாக்கத்திலிருந்து வரும் தேவகி, ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், சிரித்தார். "இன்னா மேடம் பண்றது? பக்கத்துல ஒருத்தர் பாத்து ஓகே சொல்லாம எங்களுக்குக் கை நகராது. கம்பெனில ஹெல்மெட்டு, பெல்ட்டு மாட்டும்போது டெய்லி செஞ்சிகினு பழகிப்போச்சு."

பிற்பகல் ரவியின் முறை. மூக்கை மாட்டியதும் அதே சோதனை. அவன் தடுக்கவே இல்லை. "நல்லாப் பாருங்க, காதும் இருக்குதான்னு பாருங்க" என்றான். காது, பல், செருப்பு, சுவர், மின்விசிறி என்று பார்த்துக்கொண்டே போனார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஓகே!" இருபது நிமிடம் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். காலையில் அதே விஷயம் என் முன்னால்தானே நடந்தது, எனக்கு ஏன் தெரியவில்லை?

ஞாயிறு காலை ஒரு அற்ப வேலை செய்தேன். ரவியின் நேரத்தில் நாற்பது நிமிடத்தை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு, நானே முகமூடி போட்டு நடித்துக் காட்டினேன். முதுகு காட்டினேன், தனியாகக் கட்டினேன், மூச்சு விட்டுத் திரும்பினேன். நாலு அடி நடப்பதற்குள் முடிச்சு அவிழ்ந்து, முகமூடி தாடைக்கு வந்து தொங்கியது.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நேற்று மின்விசிறிக்குச் சிரித்தவர்கள்! தேவகி எழுந்து வந்து, என் பின்னால் நின்று, கயிற்றை இறுக்கினார்.

"தனியா மாட்டிகினா இப்டிதான் பேஜாரு மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். தோளில் தட்டினார். கூடம் முழுக்க "ஓகே!" என்றது. நல்லவேளை, முகமூடி இருந்தது.

மாலையில் ரவியின் பெயரைச் சொன்னார்கள். கைதட்டினேன். திரும்பும் ரயிலில், "மே மாசம் நீங்களும் வாங்கக்கா, முகமூடியும் வச்சிக்கலாம்" என்றான் ரவி. வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை.

அங்கே சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு: முகமூடிக்குக் கயிறு வேண்டாம், எலாஸ்டிக் வையுங்கள். பலருக்கு ஷிப்ட் மாறும் என்பதால் காலைப் பயிற்சியை ஒரு மணிக்குள் முடியுங்கள், அடுத்தவர் நேரத்தைத் தின்னாதீர்கள். மதியச் சாப்பாடு நிலையத்துக்கு வெளியே எண்பது ரூபாய்க்குக் கிடைக்கும், மீன் குழம்பு நன்றாக இருக்கும். அப்புறம், அவர்கள் "ஓகே" சொன்னால் தடுக்காதீர்கள்.

ரவிமேல் பொறாமை இன்னும் போகவில்லை. நாடகம் கிடைத்ததற்காகக்கூட இல்லை. மே மாதம் முழுக்க, அவன் எதை மாட்டினாலும் பின்னால் நின்று முடிச்சைப் பார்க்க அங்கே பதினான்கு பேர் இருக்கிறார்கள்.