அந்தப் பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று எழுதினேன்

நான் வேலை செய்கிற ஊரில் ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் பலகையில் ஒரு சாமியின் பெயர். பக்கத்துச் சலவைக்கடைக்கு இன்னொரு சாமியின் பெயர். இதில் என்ன அதிசயம், நம் ஊர்க் கணபதி ஏரியாவில் பாதி லேத் பட்டறைகளுக்கு முருகன் பெயர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நாம் வெள்ளிக்கிழமை மிஷினுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டாமல் சுவிட்சைத் தட்ட மாட்டோம். இங்கே அந்தச் சாமிகளுக்கு ஓர் ஊதுபத்திகூடக் கிடையாது. வந்த புதிதில், பக்கத்து லேத்தில் நிற்கும் யானியிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அந்தச் சாமிக்கு விசேஷம் என்றைக்கு?" என்று கேட்டேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ஞாயிற்றுக்கிழமை லீவு. உனக்கு எந்த சைஸ் டயர் வேண்டும்?" என்றார்.

இது கிரீஸ் நாடு. கடலோரத்தில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் நான் டர்னர். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அப்பா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் மகள் கவிதாவுக்கு நான் ஒரு தப்புச் செய்தேன், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கவிதா ஐந்தாவது வரை தமிழ் மீடியம். ஆறாவதில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். அன்றிலிருந்து அவளுக்குக் கடைசி பெஞ்ச்தான். ஒன்பதாவதில் ஜமீலா மிஸ் என்று ஒரு புது டீச்சர் வந்தார். கோட்டைமேட்டுக்காரர். பாடப் புத்தகத்தோடு நிறுத்தாமல், வாரத்துக்கு ஒரு கிரேக்கக் கதை சொல்லி, அதிலிருந்து பிறந்த ஆங்கில வார்த்தைகள் பத்தைப் பலகையில் எழுதிப் போடுவாராம். அட்லஸ் என்றால் வரைபடப் புத்தகம் என்றுதான் எனக்குத் தெரியும். வானத்தைத் தோளில் தாங்கிய ஓர் ஆளின் பெயர் அது என்று என் மகள் கடிதத்தில் எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன். முதல் வாரமே அவள் கையைத் தூக்கி, "மிஸ், எங்கப்பா அங்கதான் வேலை செய்யறாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். மிஸ் சந்தோஷப்பட்டு அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். பையன்கள் சும்மா இருப்பார்களா? லேத் பட்டறைக்காரர் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு அது. "கிரீஸ் டப்பா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் கேள்விகள். கதையில் சாமிகள் குடியிருக்கிற அந்த மலை உங்கள் ரூமிலிருந்து தெரியுமா? அங்கே பிள்ளைகளுக்கு இன்னும் இந்தக் கதைகளைச் சொல்கிறார்களா? நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன். ரூம் ஜன்னலைத் திறந்தால் ஒரு சிமெண்டு சுவர். ஆனால் மலை தெரியும் என்று எழுதினேன். மழைக்காலத்தில் உச்சியில் மேகம் நிற்கும், நம் மருதமலை மாதிரி இருக்கும் என்றும் எழுதினேன். மகள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பின்னுக்குத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

காலாண்டு லீவுக்கு மிஸ் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியைக் கண்டுபிடித்துக்கொண்டு வரச் சொன்னார். பூப்பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பூமிக்கு அடியில் இருக்கும் ராஜா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவள் அம்மா பயிர் பச்சைக்குத் தெய்வம். மகளைத் தேடி அலைகிற துக்கத்தில் உலகத்தில் ஒரு பயிரும் முளைக்கவில்லை. அப்புறம்? நான் யானியைக் கேட்டேன். அவர் சிகரெட்டைப் பற்ற வைத்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் சொன்னார். பெரிய சாமி அந்தப் பெண்ணை விட்டுவிடச் சொன்னது. ஆனால் அதற்குள் அவள் அங்கே ஆறு மாதுளை விதைகளைத் தின்றிருந்தாள். அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தின்றவர்கள் அந்த ஊருக்குச் சொந்தம். அதனால் வருஷத்தில் ஆறு மாதம் அம்மாவிடம், ஆறு மாதம் கீழே. வருஷா வருஷம் போயாக வேண்டும்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். மாதுளை வரைக்கும் வந்து பேனா நின்றுவிட்டது. நான் சூலூர்ப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊர் நோம்பியில், அதாவது கோயில் திருவிழாவில், படுகளம் என்று ஒன்று உண்டு. உடுக்கையடித்துக் கதை பாடும்போது, போரில் வீரர்கள் சாகிற இடம் வந்ததும் ஊர் ஆட்கள் சிலர் அருள் வந்து அப்படியே தரையில் விழுந்துவிடுவார்கள். மேலே வெள்ளைத் துணி போர்த்துவார்கள். ஆறு வயசில் என் பெரியப்பா அப்படி விழுந்ததைப் பார்த்து நான் அழுதேன். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "அழுகாத கண்ணு, எழுப்பாம ஊட்டுக்குப் போகமாட்டாங்க" என்றார். அப்படியே நடந்தது. பாடிப் பாடித் தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்பினார்கள். கடைசி ஆள் எழுந்த பிறகுதான் ஊர் கலைந்தது. கதை சொல்கிறவன் விழுந்தவர்களை எழுப்பிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று என் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதனால் எழுப்பிவிட்டேன். "அந்தப் பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு போகவே இல்லை. இங்கத்து ஆட்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று எழுதி ஒட்டிப் போட்டுவிட்டேன். வழக்கத்தின் மேல் பழியைப் போடுகிறேன், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. போனவர்கள் திரும்பத் திரும்பப் போய்த்தான் ஆக வேண்டும் என்று என் கையால் என் பிள்ளைக்கு எழுத முடியவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் அந்தக் கதையே வந்தது. கவிதா நான் எழுதியதை எழுதினாள். மிஸ் அந்தப் பதிலைத் தப்பென்று அடித்துவிட்டார். அவள் எழுந்து நின்று, "எங்கப்பா அங்கத்த ஆளுங்களையே கேட்டு எழுதியிருக்காருங்க மிஸ்" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. மிஸ் மட்டும் சிரிக்காமல், "அப்பா பொங்கலுக்கு வரட்டும். அவரையே கேட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் நான் ஊருக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்கு முன்பே என் மனைவி சரோஜா சொல்லித்தான் தெரியும். "ஏனுங்க, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல உங்களைப் பேசக் கூப்புட்டிருக்காங்க. நல்ல சட்டையா போட்டுட்டுப் போங்க" என்றாள்.

மிஸ்ஸைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவர் என்னை நேராக வகுப்புக்கே அழைத்துப் போய்விட்டார். நாற்பது பிள்ளைகள் எழுந்து ஒரே குரலில் குட் மார்னிங் சொன்னார்கள். கப்பலைப் பற்றி ஏதோ பேசினேன். இரண்டாவது பெஞ்சில் ஒருவன் கையைத் தூக்கினான். "அங்கிள், அந்தப் புள்ள திரும்பிப் போனாளுங்களா, போகலைங்களா? இங்க ஒரே சண்டைங்க." எல்லோரும் சிரித்தார்கள். கவிதா டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் மகளை நாற்பது பேர் முன்னால் பொய்க்காரி ஆக்குகிறேன். பொய் சொன்னால் நல்ல டீச்சர் ஒருவரை விஷயம் தெரியாதவர் ஆக்குகிறேன்.

"போகலைன்னுதான் அங்க சொல்றாங்க கண்ணு" என்றேன்.

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். "சரி, ஊருக்கு ஊர் கதை மாறும். கவிதா, உம் பேப்பரக் கொண்டா" என்று வாங்கி, மார்க் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கவிதா தலையை நிமிர்த்தவே இல்லை.

சாயங்காலம் என் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். எங்கள் தெரு திரும்பியதும் சொன்னாள். "மிஸ் புக்கு குடுத்தாங்கப்பா. பரிட்சைக்கு முன்னாடியே நான் படிச்சுப்போட்டேன். அவ திரும்பிப் போறா."

சைக்கிளை நிறுத்திவிட்டேன். "அப்புறம் எதுக்கு அம்மணி அப்படி எழுதுன?"

"நீங்க எழுதியிருந்தீங்கல்ல" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலை தெரியாததையும் சொன்னேன். மார்க்கை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"எங்கத்தாவும் சவுதியில இருந்தாருங்க. ஒவ்வொரு லெட்டர்லயும் அடுத்த பெருநாளைக்கு வந்துருவேன்னு எழுதுவாரு" என்றார் மிஸ், தன் அப்பாவைச் சொல்லி. "மார்க்கப் பத்தி நீங்க கவலப்பட வேண்டாம். நேத்து பெல் அடிச்சதுமே கவிதா வந்து, குறைச்சுக்கங்க மிஸ்ன்னு பேப்பரக் குடுத்துட்டுத்தான் போனா. உங்ககிட்ட சொல்லலைங்களா?"

அவள் சொல்லவில்லை. சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே அது முடிந்துபோயிருக்கிறது. அப்பனைக் காப்பாற்றவும் செய்தாள், அப்பன் பொய்யால் வந்த மார்க்கைத் திருப்பியும் கொடுத்துவிட்டாள். பதினாலு வயசுப் பிள்ளை. அன்று பட்டறைத் தெருவில் நான் நடந்து வந்தபோது தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். யாருக்கும் முகம் கொடுக்க முடியவில்லை.

லீவு மாதம் ஓடிப்போய், நான் கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. அங்கே ஆலிவ் என்று கறுப்பாக உப்பில் ஊறிய காய் ஒன்று உண்டு, கொட்டை வைத்தது. முதல் வருஷம் வாயில் வைக்க முடியாமல் துப்பினேன். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தேன். சரோஜா ஒரு கடி கடித்து, "வேப்பங்காயாட்ட இருக்குதுங்க" என்று வைத்துவிட்டாள். அன்று அவள் எனக்குப் பிடிக்கும் என்று சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினாள். வயிறு நிறையத் தின்றேன். ஆனாலும் நாக்கு வேறெதையோ தேடியது. அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் சமையலறையில் அந்தப் பாட்டிலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். கவிதா வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னேன். பூப்பறித்தது, தூக்கிப் போனது, அம்மா அலைந்தது, மாதுளை, எதையும் விடவில்லை. படித்த கதைதான், ஆனாலும் அவள் புதிதாகக் கேட்பது போல முழுசாகக் கேட்டாள்.

"அங்க தின்னா அந்த ஊருக்காரங்க ஆயிருவாங்களாப்பா?"

"அப்படித்தான் சொன்னாங்க கண்ணு."

அவள் என் தட்டைப் பார்த்தாள். பேச்சு மும்முரத்தில் எத்தனை தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. கொட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தினாள், எண்ணுவது போல உதடு அசைந்தது. எத்தனை என்று சொல்லவில்லை. என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கித் திருகி, எட்டி மேல் தட்டில் வைத்தாள்.

"போதும்ப்பா" என்றாள்.