தெருவைப் பார்த்த பெட்டிகள்

ஸ்பீக்கர் பெட்டிக்குள் அறுந்திருந்த ஒயரை இன்று ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

புருஷனை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்த அத்தை, முன்னறையில் எந்நேரமும் பாட்டுக் கேட்பாள். "வாழாம வந்தவளுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று பெரியப்பா ஒருநாள் இரண்டு பெட்டிகளின் பின்பலகையையும் பெயர்த்து, உள்ளே கிடந்த ஒயர்களைப் பிய்த்துப் போட்டார்.

அத்தை அழவில்லை. அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பற்றவைத்தாள். பாட்டு வந்தது, ஆனால் தவில் சத்தம் மட்டும் எழும்பவில்லை.

"சாமிக்கே பொறுக்கல பாத்தியா?" என்று பெரியப்பா சிரித்தார்.

அத்தை டார்ச் பேட்டரியை ஒவ்வொரு பெட்டியின் ஒயரிலும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றின் காகிதக் கூம்பு வெளியே துள்ளியது, மற்றது உள்ளே பதுங்கியது.

"சாமி ஒண்ணும் சொல்லல அண்ணே. ஒரு பெட்டியில ஒயரு மாறிக் கெடக்கு, ஒண்ண ஒண்ணு அமுக்குது, அம்புட்டுதான்."

மாற்றிக் கொடுத்ததும் தவில் என் நெஞ்சிலேயே அடித்தது. பெட்டிகளைத் தூக்கி ஜன்னலில் தெருவைப் பார்த்து வைத்தாள்.

போன மாதம் நானும் புருஷனை விட்டுவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

"ஏட்டி, தெருவுல ஒருமாதிரிப் பேசுதாங்க. அதத் தூக்கி மச்சுல போடு" என்கிறான் அண்ணன், அத்தையின் பெட்டிகளைக் காட்டி.

பெட்டிகளை ஜன்னலுக்குத் தூக்கி, பேட்டரியை ஒயர்களில் தொட்டேன். இரண்டு கூம்பும் தெருவைப் பார்த்தே துள்ளின.