எலுமிச்சம்பழம் வைத்த கிட்டார்

பொறாமை வந்தால் எனக்கு முதலில் பசி போய்விடும். சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முன்பு ஒரு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார். அது என்னுடையது அல்ல என்பதுதான் பிரச்சினை.

என்னிடமும் ஒன்று உண்டு. நான்கு காலில் மேசைபோலப் படுத்திருக்கும் கருவி அது. தந்திகள்மேல் ஓர் இரும்புத் துண்டை இழுத்தபடி, கீழே பெடலை மிதித்தால் தந்தி இறுகிச் சுருதி ஏறும். யாரோ விம்முவது போலக் கேட்கும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிற எனக்கு, இது பாதி இசை, பாதி இயந்திரம் என்பதே போதுமானதாக இருந்தது. சென்னையில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடம் பழையது ஒன்றை வாங்கி, ஒடிந்த பாகங்களை நானே செய்து மாட்டி, குன்றத்தூர் வீட்டில் வைத்திருந்தேன். குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை இன்னொன்று கிடையாது என்று பெருமை வேறு.

அப்புறம் ஒரு டிரைவருக்கு ஒன்று கிடைத்தது. எங்கள் தொழிற்சாலையில் இருந்த ஜப்பான் பொறியாளருக்குக் கார் ஓட்டியவன். இருங்காட்டுக்கோட்டையில் வீடு. திருவிழாக் கச்சேரிகளில் ஹவாயன் கிட்டார் வாசிப்பான். பொறியாளர் ஊருக்குத் திரும்பும்போது, தன்னுடைய பெடல் ஸ்டீலை அவனிடம் சும்மா கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரோடு வருடக்கணக்கில் ஒரே லைனில் நின்றவன் நான். தான் பெடல் ஸ்டீல் வாசிப்பதாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும்தான் சொன்னதில்லை. காரில் போகும்போது அவன் சொல்லியிருக்கிறான்.

அவனுடையது என்னுடையதைவிட வயதில் மூத்தது. தேன் நிற மரம். "ஒரு ஸ்க்ரூகூட மாத்தலணா, எல்லாம் ஒரிஜினலு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு கிட்டாருக்கா இப்பிடி வயித்தெரிச்சல் பட்டுகினு கீற?" என்று என் மனைவி சிரித்தாள். ஆமாம், அதற்குத்தான்.

பூஜைக்கு முதல்நாள் அவன் போன் செய்தான். "உங்களுதும் எடுத்துகினு வாங்கணா, ஒண்ணா வெச்சிப் படைக்கலாம்." போனேன். பக்தியால் அல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அவனுடையதில் ஒரு குறையாவது கண்டுபிடிக்கலாம் என்றுதான். டார்ச் லைட்கூட எடுத்துக்கொண்டேன்.

குறை தேட அவன் நேரமே தரவில்லை. கார், ஜாக்கி, ஸ்பேனர் வரிசையில் தன் கிட்டாரை வைத்து, காருக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தான். தந்திகளை இழுக்கிற உலோக விரல்கள் ஒவ்வொன்றுக்கும் கெட்டியாகச் சந்தனம், குங்குமம். பெடல்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சூடம் காட்டிவிட்டு ஒவ்வொரு பெடலாக ஏறி மிதித்தான். சாறு பெடல் கம்பிகளில் தெறித்தது.

"டேய், இன்னாடா பண்ற?"

"பெடலு கீதுல்லணா, அப்ப வண்டி மாரிதானே?"

நெஞ்சு பதறியது. உள்ளே கொஞ்சம் குளிரவும் செய்தது. என்னுடையதற்குக் காலில் ஒரு பொட்டு போதும் என்று சொல்லி, மீதியைத் துண்டால் மூடிவிட்டேன்.

படைத்த கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். வேறு வழியின்றி என் கிட்டாரை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவன் வீட்டு வாசலிலேயே என் கிட்டாரின் சத்தம் கேட்டது. அவன்தான் வாசித்துக்கொண்டிருந்தான். அவனுடையதில் சந்தனம் காய்ந்து இறுகி, பெடலை விட்டாலும் சுருதி இறங்கவில்லையாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

"என்னுது நல்லா இருந்தப்பவும் சும்மா சுத்தமா பேசும், அவ்ளோதாணா. உங்களுதுதான் அழுவுது. மாத்திக்கலாமா?"

ஒரு மாதமாக நான் ஏங்கிய பொருள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் "முடியாது" என்றுதான் வாயில் வந்தது. அவன் ஆசைப்பட்டுவிட்டானே! இனி என்னுடையதை எப்படிக் கொடுப்பேன்?

"பரவாலணா" என்று எழுந்துவிட்டான். அவன் முகம்கூடச் சுருங்கவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது.

என்னுடையதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவன் பெட்ரோல் நனைத்த துணியால் தன் கிட்டாரைத் துடைத்தான். சந்தனத்தோடு, எந்தக் காலத்திலோ அப்பியிருந்த பழைய கிரீஸும் கறுப்பாக வந்தது. பிறகு பெடலை மிதித்து, தந்திமேல் இரும்புத் துண்டை இழுத்தான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"தம்பி, மாத்திக்கலாம்பா."

"வேணாணா. இப்ப இதுவும் அழுவுது, கேளுங்க" என்று, என்னை நிற்க வைத்துக்கொண்டே வாசித்தான்.

அழத்தான் செய்தது. என்னுடையதைவிட நன்றாகவே அழுதது.