அத்தானின் வலச்சுற்று

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் செய்ததற்கு வேறு காரணம் இல்லை என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

நான் சிட்னிக்கு வந்தபோது விசா படிவம் நிரப்பித் தந்தவர் அவர். விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தவரும் அவர். எட்டு மாதம் அவர் வீட்டு முன்னறையில் இருந்தேன். பதினான்கு வருடம் கழித்தும், புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் அந்த எட்டு மாதமும் தேத்தண்ணியோடு சேர்த்துப் பரிமாறப்படும். நான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை செய்கிறேன், சொந்த வீடு வைத்திருக்கிறேன், கலியாணம் கட்டவில்லை. அவர் கண்ணுக்கு இதில் கடைசி ஒன்று மட்டும்தான் தெரியும்.

2012இல் என் தம்பியின் மகள் பெரியபிள்ளையானாள்; சாமத்தியவீடு வைத்தார்கள். தம்பி இருப்பது இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில். அழைப்பு வந்த அன்றே அத்தான் அறிவித்தார்: சடங்கு முடிந்து இரண்டாம் நாள் அங்குள்ள மலைக் கிராமங்களுக்குள் ஒரு சைக்கிள் சுற்று. டொக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னதால் இரண்டு மாதத்துக்கு முன்தான் மவுன்டன் பைக் வாங்கியிருந்தார். அதற்கான இறுக்கக் காற்சட்டையையும் வாங்கியிருந்தார். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் கோயிலிலிருந்து வந்ததும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திட்டமிடல் நடக்கும். நெற்றியில் திருநீறு, முன்னால் மடிக்கணினி. முப்பத்திரண்டு கிலோமீட்டர், நடுத்தரம் என்று ஓர் இத்தாலிய இணையப் பக்கம் சொன்னது. ஒலிவ் தோட்டங்கள், வறண்ட ஆறு, ஆட்டுப் பட்டிகள், உச்சியில் இடிந்த தேவாலயம் ஒன்று. புறப்பட்ட கிராமத்துக்கே திரும்பி வந்துவிடலாம். எனக்கு ஆசையாக இருந்தது. மூன்று வருடமாக மழை வெயில் பாராமல் வேலைக்குச் சைக்கிளில் போகிறவள் நான். மாதத்தில் ஒரு ஞாயிறு புளூ மவுன்டன்ஸ் மலையின் மண் பாதைகளில் சைக்கிள் ஓடுகிறவள். அந்த மலையில் ஒரு தடவை ஓட வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் நான் வேறெதையும் கேட்கவில்லை.

“நானும் ஓடுறன் அத்தான்.”

“நீர் அக்காவோட வான் வண்டியில வாரும்,” என்றார் திரையைப் பார்த்தபடி. “நானும் தம்பியும் ஓடுவம். சாப்பாட்டை ஆர் கொண்டு வாறது?”

“உங்களைவிட எனக்குத்தான் ஓடிப் பழக்கம்.”

“அது ரோட்டில. இது மலை. பிளான் பண்ணுறது நான், நீர் பேசாம இரும்.”

அக்கா குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கட்டாயம் கேட்டிருக்கும். அவள் வாய் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்ற கேள்வி வந்தது. இணையப் பக்கம் இடப்புறமாகச் சுற்றச் சொன்னது. அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. கோயிலானாலும் மலையானாலும் வலமாகத்தான் வர வேண்டுமாம். “இடம் சுத்துறது செத்தவீட்டில. சாமத்தியவீட்டுக்குப் போயிட்டு நான் இடம் சுத்துறதோ?” என்று சொல்லி அம்புக்குறிகளைத் திருப்பிப் போட்டார். இனி மேற்குப் பக்கத்தால் ஏறி, கிழக்குப் பக்கத்தால் இறங்குவது என்று முடிவாயிற்று.

படம் பார்ப்பது என் தொழில். வரைபடத்தில் கிழக்குச் சரிவின் சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன; அவ்வளவு செங்குத்து. வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைக் கணினியிலேயே ஆங்கிலத்துக்கு மாற்றி அடிவரை வாசித்தேன். கடைசியில் தெளிவாக எழுதியிருந்தது. கிழக்குப் பக்கம் முழுவதும் உருளும் கல். அதில் ஏறலாம், முடியாவிட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறலாம். ஒருபோதும் அதால் இறங்கக் கூடாது. அத்தான் அவ்வளவு கீழே போய் வாசித்திருக்கவில்லை.

தொலைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். பேசாமல் இருக்கச் சொன்னவர் அவர். இருந்தேன். அதன் பிறகு ஐந்து வெள்ளிக்கிழமைகள், அந்த இறக்கத்தில் தான் என்ன வேகத்தில் பறக்கப் போகிறார் என்று அவர் சொல்லச் சொல்ல, எதிரே இருந்து ரொட்டி சாப்பிட்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

பலெர்மோவில் தம்பியை மட்டும் தனியே பிடித்தேன். “உச்சி கழிஞ்ச உடன இறங்கி உருட்டிக்கொண்டு வா. ஏனெண்டு கேக்காத.” அவன் கேட்கவில்லை.

சைக்கிள் சுற்று அன்று, காலை பத்து மணியிலிருந்து அக்காவும் நானும் கிழக்குச் சரிவின் அடியில் வானை நிறுத்திவிட்டு அதற்குள் காத்திருந்தோம். மடியில் அவர்கள் சாப்பிடக் கொண்டுவந்த மீன் பணிஸ் பெட்டி. அக்கா கையை நெற்றியில் வைத்து அடிக்கடி மேலே பார்த்தாள். “இவர் கொண்டு போன தண்ணி காணாது,” என்றாள். பகல் ஒரு மணி கழிந்த பிறகு தம்பி ஓடி வந்தான், சைக்கிள் இல்லாமல்.

அத்தானுக்கு வலது மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு மூன்றும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் திரையில் படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு முறிவாகப் பார்த்தேன். வெளியே வந்தபோது, வாங்குப் பலகையில் உட்கார்ந்து தம்பி அழுதபடி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அத்தான் எனக்கு முன்னால இறங்கிப் போய்க் கல்லில சறுக்கி விழுந்திட்டார். சின்னக்கா சொன்னபடியா நான் உச்சியிலயே இறங்கி உருட்டினனான். அத்தானுக்கும் சொல்லியிருப்பா எண்டு நினைச்சன்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். திரும்பி வரும் விமானத்தில் அவர் பக்கத்தில் இருந்து கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டே வந்தாள்.

சிட்னிக்கு வந்து நாலாம் வாரம் அவர்களைப் பார்க்கப் போனேன். அவர் கதிரையில் இருந்தார், கை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. அக்கா புட்டைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். குளிக்க வார்ப்பதும் உடுப்பு மாற்றுவதும் கட்டிலிலிருந்து தூக்கி இருத்துவதும் அவள்தான். அவருக்குத் தொண்ணூறு கிலோ. அவள் தோளில் நோவுக்கு ஒட்டும் பிளாஸ்டர் இரண்டு ஒட்டியிருந்தது.

குசினிக்குள் போனபோது, கோப்பையைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள். “உனக்கு முதலே தெரியும், என்ன?”

“ஓம்.”

“அவரிட்டச் சொல்லேல்ல, சரி. அவர் உன்னை அப்பிடித்தான் நடத்தினவர். என்னட்டயும் ஏன் சொல்லேல்ல? நான் உனக்கு என்ன செய்தனான்?”

ஒன்றும் செய்யவில்லை. பதினான்கு வருடமாக அந்த எட்டு மாதக் கதை நடக்கும்போதெல்லாம் அவள் ஒன்றும் செய்யவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. அத்தானைவிட அவள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் என்பது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது. அதைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

முன்னறையிலிருந்து அவர் தண்ணீர் கேட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கிளாசை எடுத்தாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கை நீட்டினேன்.

“நீ பேசாம இரு,” என்றாள் அக்கா.