முத்து நிற்காத கதவு

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான்காம் எண் வீட்டின் கேரேஜ் கதவு கிறீச்சிட்டால், வட இங்கிலாந்தின் டார்வெனில் அன்று மழை இல்லை என்று பொருள். வானிலை அறிக்கையைவிட எங்கள் தெரு அந்தச் சத்தத்தைத்தான் நம்பும். பக்கத்து வீட்டு நெவில் கிரிம்ஷா கார் கழுவப் போகிறார்.

முதலில் இரண்டு வாளிகள் வெளியே வரும். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கம்பளிக் கையுறையைச் சோப்பில் தோய்த்து, ஒரு கதவில் பாதியளவு துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகுதான் மறுபடியும் சோப்புக்குப் போவார். ஒரு மண் துகள் கையுறையில் ஒட்டிக்கொண்டாலும் அது கார் முழுக்கக் கோடு போட்டுவிடும் என்பார். கூரையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். சக்கரங்களுக்கு வேறு தூரிகை. ஈரம் தானாக உலர்வதற்கு முன் தோல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. ஆண்டுக்கு நான்கு முறை மெழுகு பூசுவார். எல்லாம் முடிய இரண்டு மணி நேரமும் சில நிமிடங்களும் ஆகும். காருக்குப் பன்னிரண்டு வயது. அடர்நீலம். அதன் கதவில் தலை சீவிக்கொள்ளலாம்.

எதிர்வீட்டுக் கீத் குழாய் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக் கோப்பையோடு தன் வாசலில் வந்து நின்று இதைப் பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

"என்ன நெவில், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடறீங்களா?"

"உன் வேன் மேல கீரை விதைச்சா நல்லா முளைக்கும் கீத். தண்ணிகூட ஊத்த வேணாம்."

வானம் சும்மா கழுவிக் கொடுக்கிற ஊரில் இரண்டு மணி நேரம் எதற்கு என்று கீத் ஒருமுறை உண்மையாகவே கேட்டார். பளபளப்புக்காக இல்லை என்றார் நெவில். கையால் கழுவுகிறவனுக்குத்தான் காரில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியும். டயரில் ஏறிய ஆணி, ஓரம் கிழிந்த வைப்பர், துரு பிடிக்கத் தொடங்கும் இடம் எல்லாம் விரலுக்குத்தான் முதலில் தட்டுப்படும். பத்து நிமிடத்தில் தண்ணீரை விசிறி அடிப்பவனுக்கு அழுக்கு போகும், சேதி கிடைக்காது.

அவர் அப்படிப் பேசியதில் வியப்பில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் சுவர்க் காகிதம் அச்சிடும் ஆலையில் பிழை பார்ப்பவராக இருந்தவர். விளக்குப் பொருத்திய மேசைமீது காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ரோஜாவின் இதழ் ஒரு நூல் விலகினாலும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் காகிதம் சேரும் இடத்தைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது என் அம்மா கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு அறையின் மூலையை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதமே அப்பா அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

அவர் மனைவி மேவிஸ் வேறு மாதிரி. பள்ளிச் சமையலறையில் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்து, பன்னிரண்டரை மணிக்குப் பரிமாறி, இரண்டு மணிக்குள் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தவர். எந்த வேலைக்கும் ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் செய்வது வேலை இல்லை, வேண்டுதல் என்பார். திருமணமான நாற்பத்தாறு ஆண்டுகளில் கார் கழுவும் கையுறையை அவர் தொட்டதே இல்லை. காரை ஓட்டுவதையும் எப்போதோ விட்டுவிட்டார். ஒருமுறை கடற்கரைக்குப் போகும் வழியில், எந்த கியர் போட வேண்டும் என்று நெவில் பதினொரு முறை சொன்னாராம். மேவிஸ் சாலையோரம் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இருபது ஆண்டுகளாக அந்தப் பக்கம்தான் அவர் இடம்.

அதனால்தான், அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், நெவில் புல்வெளியில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்புக்கு நடந்து போயிருந்த பிற்பகலில், மேவிஸ் காரின் பக்கத்தில் மண்டியிட்டிருப்பதை என் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தபோது, அவர் விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கீழே ஓடினேன். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால், கையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். பக்கத்தில் சமையலறைச் சோப்புப் புட்டி, ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். இடப்பக்கப் பின்கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்து நுரை லேசான மஞ்சளாக இருந்தது.

"பறவை அசிங்கம் பண்ணிருச்சு கண்ணு," என்றார் என்னைப் பார்த்ததும். நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். மஞ்சள் நிறத்தில் எந்தப் பறவையும் அசிங்கம் செய்வதில்லை.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. வியாழக்கிழமை அங்காடியின் வாகன நிறுத்தத்தில் நெவில் காரைத் திருப்பும்போது, இடப்பக்கம் நின்ற மஞ்சள் கம்பத்தில் பின்கதவு உரசியது. மேவிஸின் முதுகுக்குப் பின்னாலேயே அந்தச் சத்தம் கேட்டது. என்ன அது என்று நெவில் கேட்டதற்கு, பின்னால் பீச் பழ டின் உருண்டிருக்கும் என்று சொல்லிவிட்டார். கம்பம் ஆள் உயரம். பகல் பதினொரு மணி. நெவிலுக்கு அது தெரியவே இல்லை என்பதுதான் மேவிஸைப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கதவில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் கோடு. வியாழன் இரவு முழுக்க யோசித்திருக்கிறார். சொன்னால் கார் போகும். கார் போனால் செவ்வாய்க்கிழமை கிளித்தெரோ ஊரில் தன் தங்கையைப் பார்க்கப் போவது போகும். ஞாயிற்றுக்கிழமையும் போகும். ஞாயிறு இல்லாத நெவிலை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த ஞாயிறும் கேரேஜ் கதவு கிறீச்சிட்டது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மேவிஸ் வழக்கத்துக்கு மாறாக வாசற்படியிலேயே நின்றார். இன்றைக்குக் குளிராக இருக்கிறது, கார் சுத்தமாகத்தானே இருக்கிறது, ஒரு வாரம் விட்டால் என்ன என்று இரண்டு முறை சொன்னார். நெவில் வாளியை நிரப்பிக்கொண்டே சிரித்தார்.

கூரை முடிந்தது. வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கத்துக்கு வந்து தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். நெவில் கதவின் எதிரே குனிந்து நின்றிருந்தார். குவளையில் தண்ணீர் மொண்டு மெதுவாக ஊற்றினார். முன்கதவில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. பின்கதவில் நிற்கவில்லை; துணி நனைவதுபோல் பரவி வழிந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடியும் வழிந்தது. கையுறையைக் கழற்றி வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு, விரல் நுனிகளால் கதவைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

அப்போதும் அவர் மேவிஸைக் கூப்பிடவில்லை. சோப்பு காய்ந்துவிடுமே. மீதியையும் கழுவி, அலசி, தோல் துணியால் ஒற்றி முடித்தார். வாளிகளைக் கவிழ்த்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. மேவிஸ் படியைவிட்டு நகரவே இல்லை.

"மேவிஸ், இங்க தண்ணி நிக்கல."

"நிக்கலன்னா?"

"செப்டம்பர்ல மெழுகு போட்டேன். காரு முழுக்க நிக்குது, இந்தக் கதவுல மட்டும் இல்ல. பாத்திர சோப்பு போட்டாதான் இப்படிப் போகும்."

நெவில் மறுபடியும் விரலால் தடவிப் பார்த்தார்.

"நாரையும் போட்டிருக்க."

"கொஞ்சமாத்தான் தேச்சேன்," என்றார் மேவிஸ். "கால் மணி நேரம் இருக்கும்."

நெவில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துடைப்பத்தை வைத்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"எதுல இடிச்சேன்?" என்று கேட்டார்.

யார் இடித்தது என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் மேவிஸ் பதில் தயாரித்து வைத்திருந்தார். அங்காடியில் சாமான் வண்டி தள்ளிய யாரோ ஒரு பெண்மேல் பழியைப் போட இருந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பொய் இல்லை. மஞ்சள் கம்பத்தைச் சொன்னார். பீச் டின்னைச் சொன்னார். பிறகு, நிறுத்த முடியாதவர்போல, அதற்கும் முந்தியதைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை தபால் நிலையத்தருகே சிவப்புக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி இடப்பக்கமாகச் சாலையில் இறங்கினாள்.

"நான் கத்துனேன்ல, வீட்டுல அடுப்பை அணைக்கலன்னு? அடுப்பெல்லாம் அணைச்சுட்டுத்தான் வந்தேன். நீ நிறுத்தணும்னு கத்துனேன். என் காலுக்குக் கீழ பிரேக் இருக்கிற மாதிரி மிதிச்சேன் நெவில். அவ இவ்வளவு தூரத்துல நின்னா." கையை விரித்துக் காட்டினார். அது ஒரு வாளியின் அகலம்கூட இல்லை.

நெவில் காரின் சாவியைப் பையிலிருந்து எடுத்து, கூரைமேல் வைத்தார். கூரை வழுவழுவென்று இருந்ததால் அது சறுக்கி மேவிஸின் பக்கம் விழுந்தது.

"அடுப்புல கோழி கருகுது," என்றார் நெவில். இருவரும் உள்ளே போனார்கள்.

திங்கட்கிழமை நெவில் கண் பரிசோதனைக்கு நடந்தே போனார். வெள்ளைத் திரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தோன்றும். தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாவற்றையும் அழுத்திவிட்டேன் என்றுதான் அவர் நினைத்தார். பரிசோதித்த பெண் முடிவு அச்சான காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கண்களுக்கும் இடப்பக்கத்தின் கீழ்மூலை கறுப்பாக இருந்தது. வலியே இல்லாமல் வந்துபோன சின்னப் பக்கவாதமாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவரை ஓட்டக் கூடாது என்றாள். கறுப்பாக எதுவும் எனக்குத் தெரியவில்லையே என்று கேட்டிருக்கிறார் நெவில். காலி இடத்தை மூளை சும்மா விடாது, பக்கத்தில் இருப்பதைக் கொண்டு நிரப்பிவிடும் என்று அவள் விளக்கினாள். நெவிலுக்கு உடனே புரிந்தது. சுவர்க் காகிதத்திலும் அப்படித்தான். கோலம் திரும்பத் திரும்ப வரும் என்று கண் எதிர்பார்ப்பதால்தான் பழகாதவர்களுக்குப் பிழை தெரிவதில்லை. அவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்று என் அம்மாவிடம் சொன்னார். மருத்துவரும் அதையே சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தபின், ஓட்டுநர் உரிமத்தை உறையில் போட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே தபாலில் சேர்த்தார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் மழை இல்லை. கேரேஜ் கதவும் கிறீச்சிடவில்லை. கீத் காபியோடு வெளியே வந்து, நான்காம் எண்ணைப் பார்த்துவிட்டு, கோப்பையோடு திரும்பிப் போனார். இரண்டாவது வாரம் அவர் தன் வேனைத் தானே கழுவத் தொடங்கினார், வேண்டுமென்றே ஒரே வாளியோடு, கூரையைக் கடைசிக்கு விட்டுவிட்டு. ஜன்னலில் திரை அசைந்தது. யாரும் வெளியே வந்து திட்டவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை மேவிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். நெவில் வாசலில் நின்றார்.

"நீ வர்றியா, இல்ல கையசைக்கப் போறியா?"

அவர் இடப்பக்கம் வந்து ஏறினார். கிளித்தெரோவரை அவர் கியரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை மேவிஸ் பின்பு எங்கள் சமையலறையில் பெருமையாகச் சொன்னார். நெவில் தன் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாராம். இரண்டு இடத்தில் மேவிஸே வேண்டுமென்றே தவறான கியரைப் போட்டுப் பார்த்தாராம். ம்ஹூம். திரும்பும்போது பண்ணைச் சாலை வழியாக வந்தார்கள். முந்திய நாள் மழை. டிராக்டர்கள் போன சேறு. கார் தெருவுக்குள் நுழைந்தபோது அதன் நிறம் என்னவென்று கீத் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கதவு கிறீச்சிட்டது. நான் ஜன்னலுக்குப் போனேன். நான்கு வாளிகள் வரிசையாக இருந்தன. இரண்டு புதியவை. மேவிஸ் மழைக்காலக் காலணியோடு, கையில் புதுக் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, அதை ஒரு பூனையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடப்பக்கம் உன்னுது," என்றார் நெவில்.

"எவ்வளவு நேரம்?"

"அழுக்கு போற வரைக்கும்."

"இருபது நிமிஷம்," என்றார் மேவிஸ். "அதுக்கு மேல வேணும்னா ஆள் வச்சுக்கோ."

இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அலசவேண்டிய இடத்தில் அலசினார், ஒற்ற வேண்டிய இடத்தில் தேய்த்தார். பின்சக்கரத்துக்கு மேலே ஒரு கை அகலத்துக்குச் சேறு அப்படியே இருந்தது. எனக்கே மாடியிலிருந்து தெரிந்தது. மேவிஸ் வாளியைக் கொட்டிவிட்டு, தேநீர் போடுவதாகச் சொல்லி உள்ளே போனார்.

நெவில் காரைச் சுற்றி வந்தார். இப்போதெல்லாம் தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பிப் பார்க்கப் பழகியிருந்தார். பின்சக்கரத்தருகே நின்றார். கையால் தடவினார். சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். மேவிஸ் கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார், முதுகு இந்தப் பக்கம்.

நெவில் சட்டென்று குனிந்து, மேவிஸின் கையுறையால் இரண்டே இழுப்பில் அந்தச் சேற்றைத் துடைத்து, அலசி, கையுறையை மேவிஸ் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், அவர் வைத்த மாதிரியே கோணலாக வைத்தார். பிறகு தன் பக்கத்துக்குப் போய், இன்னும் ஒன்றரை மணி நேரம் கழுவினார்.