வேலிக்கு அந்தப் பக்கத்துப் புகைக்கூடு

இலுப்பைக்கடவையில் எங்கள் வளவுக்கும் என் கணவரின் தம்பி வளவுக்கும் நடுவில் இருப்பது ஒரு பனையோலை வேலிதான். அதற்கு மேலால் அவர்களுடைய குசினிப் புகைக்கூடு தெரியும். சீமெந்துப் பூச்சு, உச்சியில் நாலு கால் வைத்து மழை விழாமல் ஒரு தட்டு. கட்டியது வேறு யாருமில்லை, என் கணவர். மேசன் வேலை செய்கிறவர். சொந்தக் குசினியில் நான் இருமி இருமிச் சமைக்க, இவர் போய்த் தம்பி பெண்சாதிக்குப் புகைக்கூடு கட்டிக் கொடுத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை. அதுவும் எப்படிக் கட்டினார்! கட்டினார், இடித்தார், திரும்பக் கட்டினார், திரும்பவும் இடித்தார். எங்கள் சுவரில் ஒரு வெடிப்பை அடைக்க ஆறு மாதம் எடுத்த மனிசன். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் கெட்டவள் இல்லை. அக்கா, அக்கா என்று சுற்றி வருகிறவள். அதுவே எனக்குப் பிடிக்காது. சமையல் முடிந்து வெளியே வந்தால் முகத்தில் ஒரு கரிப்பொட்டு இராது. காலையில் அவளுடைய புகை நேராக வானத்துக்குப் போகும். என்னுடையது கதவாலும் யன்னலாலும் என் கண்ணாலும் போகும்.

"எங்களுக்கு எப்ப?" என்று இவரைக் கேட்டேன்.

"உன்ர குசினி தென்னோலைக் கிடுகுக் கூரை. அதுக்குள்ளால கூட்டை விடேலாது. சோளகக் காத்து அடிச்சு முடியட்டும், தகரம் போட்டிட்டுக் கட்டுவம்."

"ஏன், சோளகம் அவைக்கு அடிக்கேல்லையோ?"

சிரித்துவிட்டுக் கொண்டச்சிக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கே வீடு கட்டும் வேலை. சனிக்கிழமைகளில்தான் வருவார்.

இரண்டு நாள் கழித்து அவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அத்தான் கட்டின கூடு என்னமா இழுக்குது தெரியுமோ! கண்ணே எரியேல்லை."

அவ்வளவுதான். றோட்டு வேலைக்காரர் விட்டுப்போன தார்ப் பீப்பா ஒன்று எங்கள் வளவு மூலையில் கிடந்தது. அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்தியிலுள்ள வெல்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை வெட்டி உருட்டி நீளமான குழாயாக ஒட்டித் தந்தார்.

"உள்ளுக்குத் தார் ஒட்டிக் கிடக்கு அக்கா. வெளியில வைச்சு எரிச்சுப்போட்டுக் கூரையில பூட்டுங்கோ. ஓலையில முட்ட விடாதேங்கோ."

ஓம் ஓம் என்றேன். அன்று வெள்ளிக்கிழமை. முற்றத்தில் தாரை எரித்தால் அவள் ஓடிவந்து என்ன ஏது என்று கேட்பாள். பூட்டி முடியும்வரை அவளுக்குத் தெரியக் கூடாது. அடுத்த நாள் இவர் றோட்டால் திரும்பும்போது என் கூரைக்கு மேலால் புகை போவதைக் காண வேண்டும். அவர் கட்டித் தராததை நானே கட்டிக்கொண்டேன் என்று தெரிய வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஏணி வைத்து ஏறிக் கிடுகை வெட்டினேன். மழை ஒழுகாமலிருக்க ஓட்டையைக் குழாயின் அளவுக்கே இறுக்கமாக வெட்டி, குழாயை அடுப்புக்கு மேலாக விட்டுக் கம்பியால் கட்டினேன். அவளுடைய கூட்டைவிட ஒரு முழம் உயரமாக நிறுத்தினேன்.

சனிக்கிழமை காலை விறகை அள்ளி வைத்து மூட்டினேன். புகை நேராகப் போனது. வேலியடியில் போய் நின்றேன்.

"ஐயோ அக்கா, நல்ல வடிவாயிருக்கு!" என்றாள்.

வயிறு குளிர்ந்தது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான். முதலில் தார் மணத்தது. பிறகு குழாய்க்குள் ஓர் இரைச்சல். திரும்பிப் பார்க்கக் குழாயைச் சுற்றியிருந்த கிடுகு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

நான் கத்துவதற்குள் அவள் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டாள். கையில் முருங்கைக்காய் பிடுங்கும் கொக்கத்தடி. எரிகிற கிடுகுகளை அதால் இழுத்து இழுத்து முற்றத்தில் விழுத்தினாள். நான் கிணற்றுக்கும் குசினிக்கும் வாளியோடு ஓடினேன். வீட்டுக்குத் தீ தாவவில்லை. குசினிக்குக் கூரை இல்லை.

இரண்டு பேரும் முற்றத்தில் இருந்துவிட்டோம். அன்றுதான் அவள் முகத்தில் கரியைக் கண்டேன்.

"ஏனக்கா அவசரப்பட்டனீங்கள்?" என்றாள். "அத்தான் உங்களுக்காகத்தானே எங்கட கூட்டை ரெண்டுதரம் இடிச்சவர். முதல் கட்டினது புகையைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளினது. கூரை முகட்டைவிட உயர்த்த வேணும் எண்டு பிறகுதான் பிடிபட்டது. 'இது நான் கட்டிப் பழகிற கூடு. அவளுக்குக் கட்டேக்க பிழைக்கக் கூடாது. அவள் எவ்வளவு காலமாப் புகைக்குள்ள கிடக்கிறாள்' எண்டு சொல்லிச் சொல்லித்தான் கட்டினவர்."

வெட்கத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவள் கையில் தீக்கொப்புளம் வேறு. தேங்காயெண்ணெய் கொண்டுவந்து பூசிவிட்டதோடு சரி.

பின்னேரம் இவர் வந்து, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கூரை இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். "உனக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்றார்.

தலையாட்டினேன். நாள் முழுக்க நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டேன்.

"எனக்காகத்தான் கட்டிப் பழகினனீங்கள் எண்டால், அதை ஏன் அவளுக்குச் சொன்னனீங்கள்?"